சோலர் விரிவாக்கம்: பிரேக்கரை மட்டும் பெரிதாக்குபவர்களிடம் அவதானமாக இருங்கள்

உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் இன்வேட்டருடன் (பேனல் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கேற்ற மின்சாரமாக மாற்றும் கருவி) குறையில்லாமல் இயங்கிவந்த சோலர் தொகுதியை 8 கிலோவாட்டாக விரிவாக்கும் வேலையைத் திருகோணமலை நகரில் உள்ள நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தோம். பேனல்களைக் கூட்டி, இன்வேட்டரை மாற்றி, முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு சென்ற அவர்கள், இன்வேட்டரிலிருந்து மெயின் போர்ட் வரை செல்லும் 6 சதுர மில்லிமீற்றர் கேபிளையும் 32 அம்பியர் பிரேக்கரையும் (மின்னோட்டம் அளவுமீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆளி) பழையபடியே விட்டுவிட்டார்கள்.

230 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 22 அம்பியர். அதற்கு 32 அம்பியர் பிரேக்கர் பொருத்தமானதே. 8 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 35 அம்பியர். சோலர் மின்னோட்டம் மணிக்கணக்காக இடைவிடாமல் பாய்வதால் அதன்மேல் கால்பங்கு கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 43 அம்பியரைத் தாண்டுகிறது. ஆகவே 50 அம்பியர் பிரேக்கரும் அதற்கு ஈடுகொடுக்கும் தடிப்பான கேபிளும் வேண்டும்.

நடுப்பகல் வெயிலில் பிரேக்கர் விழத் தொடங்கியதும் முறையிட்டோம். வந்தவர் 63 அம்பியர் பிரேக்கரைப் பூட்டிவிட்டு, "இனி விழாது அண்ணை" என்றார். அதில் பொய்யில்லை, அதன்பிறகு அது விழவேயில்லை. ஆபத்தும் அதில்தான் இருந்தது. பிரேக்கர் முதன்மையாகக் காப்பது கேபிளை. குழாய்க்குள் செல்லும் 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் ஏறத்தாழ 40 அம்பியர் தாங்கும்; நம்மூர் வெயிலில் சூடேறும் கூரையடியில் அதுவும் குறையும். அதன் முன்னால் 63 அம்பியர் பிரேக்கர் நின்றால், கேபிள் கொதித்தாலும் அது வாளாவிருக்கும். பின்னர் நாங்கள் அழைத்த வேறொரு மின்னியலாளர் போர்டைத் திறந்தபோது, முனையருகே வயரின் உறை பழுப்பேறி இறுகிப்போயிருந்தது.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று இதைவிட மோசமானது. புதிய பேனல் வரிசைக்கு, வீட்டுப் பாவனைக்கான ஏசி (ஆடலோட்ட) பிரேக்கரையே டிசி (நேரோட்ட) பக்கத்தில், அதாவது பேனலுக்கும் இன்வேட்டருக்கும் இடையில், பொருத்தியிருந்தார்கள். ஏசி மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணைந்துவிடும்; டிசியில் அப்படியொரு இடைவெளி இல்லை. பல நூறு வோல்ட்டில் அந்தப் பொறி தொடர்ந்து எரிந்து பெட்டியையே உருக்கிவிடலாம். டிசிக்கென்றே செய்யப்பட்ட பிரேக்கரின் விலை சற்றுக் கூட என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மின்சார சபையின் இணைப்பைப் பற்றியும் அவர்கள் வாய்திறக்கவில்லை. எங்களுடையது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. அதன் கொள்ளளவு 6.9 கிலோவாட். 8 கிலோவாட்டுக்குப் போவதாயின் முதலில் த்ரீ பேஸ் இணைப்புக்கும் கூட்டிய கொள்ளளவுக்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இப்போது இன்வேட்டரின் வெளியீட்டை 5 கிலோவாட்டுக்கு மட்டுப்படுத்தி, கேபிளையும் பிரேக்கர்களையும் எங்கள் செலவில் மாற்றி, விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர மறுக்கிறது. அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் "சோலர் விரிவாக்க வேலை" என்ற ஒற்றை வரிதான் உள்ளது. எந்த அளவுக் கேபிள், எத்தனை அம்பியர் பிரேக்கர் என்ற விபரம் எதுவுமில்லாததால் வாதாடுவது கடினமாயிருக்கிறது. விரிவாக்கம் செய்ய எண்ணுபவர்கள், கேபிளின் சதுர மில்லிமீற்றர் அளவு, ஏசி, டிசி பிரேக்கர்களின் அம்பியரும் வோல்ட்டும், மின்சார சபை அனுமதியைப் பெறுவது யார் பொறுப்பு ஆகியவற்றை விலைமனுவிலேயே எழுதி வாங்கிய பின்னரே முற்பணம் கொடுங்கள். எழுதித்தரத் தயங்குபவரைக் கூரையில் ஏறவிடாதீர்கள்.