குழந்தையின் தட்டைத் தலை: தலைக்கவசமா, தலையணையா, பக்கம் மாற்றிக் கிடத்துவதா?

என் மகள் பிறந்த இரண்டாம் மாதத்திலேயே பின்தலையின் வலப்பக்கம் தட்டையாகத் தொடங்கியிருந்தது. ரொறன்ரோவில் என் அக்காவின் மகனுக்கும் இதே நிலைதான். அவனுக்குத் தலைக்கவசம் போட்டார்கள். வெள்ளவத்தையில் எங்கள் அம்மம்மா கடுகுத் தலையணை தைத்துத் தந்தார். மருத்துவமாதுவோ பக்கம் மாற்றிக் கிடத்தச் சொன்னார்.

தலையணையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தலையணையே கூடாது. மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. தலையை உருண்டையாக்கும் என்று விற்கப்படும் குழி வைத்த தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2022இல் எச்சரித்தது. அம்மம்மாவின் அன்பில் குறையில்லை, ஆனால் அந்தத் தலையணை தொட்டிலுக்குள் போகவில்லை. தட்டையாகிறதே என்று குப்புறத் தூங்க வைப்பதும் ஆகாது. மல்லாக்கத் தூங்க வைக்கும் பழக்கம் 1990களில் பரவிய பிறகே தொட்டில் மரணங்கள் (தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள்) பெரிதும் குறைந்தன. தட்டைத் தலைகள் கூடியது அதன் பக்க விளைவு.

தலைக்கவசம் தலையை அழுத்துவதில்லை. புடைத்த பக்கத்தில் தொட்டுக்கொண்டு, தட்டையான பக்கத்தில் இடம் விடுகிறது. வளரும் மண்டை அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் தலை வேகமாக வளரும் நான்காம் மாதத்திலிருந்து ஒரு வயது வரைதான் அதற்குப் பயன். நாளில் 23 மணிநேரம் போட வேண்டும். வட அமெரிக்காவில் செலவு பெரும்பாலும் ஆயிரம் டொலரைத் தாண்டும்.

நெதர்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 84 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் கவசம். மற்றவர்களை இயல்பாக வளர விட்டார்கள். இரண்டு வயதில் முழுமையாகச் சரியானவர்கள் கவசக் குழுவில் 26 சதவீதம், மற்றதில் 23 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். கவசம் போட்ட குழந்தைகளின் பெற்றோரில் 96 சதவீதத்தினர் தோல் எரிச்சலையும், நால்வரில் மூவர் துர்நாற்றத்தையும், அதே அளவினர் பிள்ளையை அணைத்துக்கொள்ள முடியாத தடையையும் சொன்னார்கள். அக்காவும் அணைக்க முடியாததைச் சொல்லித்தான் அழுதாள். குளிர்நாட்டிலேயே இப்படி என்றால், மின்விசிறி நின்றால் உடம்பு நனைந்துவிடும் கொழும்பில் அந்தப் பிஞ்சுத் தலை என்ன பாடுபடும்!

பக்கம் மாற்றுவதற்குக் காசு வேண்டாம், ஆனால் வீடு முழுவதும் ஒத்துழைக்க வேண்டும். குழந்தை யன்னல் வெளிச்சத்தையும் ஆட்களையும் நோக்கித்தான் முகம் திருப்பும். ஆகவே இன்று தலை வைத்த பக்கம் நாளை கால். பால் கொடுக்கும் கையையும் மாற்ற வேண்டும். விழித்திருக்கும்போது, கண்முன்னே வைத்துக்கொண்டு, ஒரு நாளில் பல தடவை சிறிது நேரம் குப்புறப் போட வேண்டும். ஏணையிலும் கார் இருக்கையிலும் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். என் மகள் ஒரே பக்கம் திரும்பியதற்குக் காரணம் கழுத்துத் தசை இறுக்கம். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டித் தந்த கழுத்துப் பயிற்சிதான் திருப்பத்தைத் தந்தது; அது இல்லாமல் தொட்டிலை எத்தனை தரம் திருப்பியும் பயனில்லை. உருவம் மெல்ல மெல்லச் சீரானது. இப்போதும் உற்றுப் பார்த்தால் சிறு வேறுபாடு தெரியும், முடி அதை மூடிவிட்டது.

என் தெரிவு தெளிவானது: நான்கு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பக்கம் மாற்றுவதும் கழுத்துப் பயிற்சியும். ஆனால் அக்காவை நான் குறைசொல்ல மாட்டேன். அவள் மகனுக்கு ஆறாம் மாதத்திலும் நெற்றி ஒரு பக்கம் முன்தள்ளியே நின்றது. நெதர்லாந்து ஆய்வில் மிகக் கடுமையான தட்டையோ கழுத்து இறுக்கமோ உள்ள குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. பயிற்சிக்குப் பிறகும் நடுத்தரம் முதல் கடுமையான தட்டை நீடித்தால் கவசத்தை அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் 2016 வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது.

எந்த வழிக்கும் முன்னால், மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையிலான பொருத்துகள் உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிவிட்டனவா என்று குழந்தை வைத்தியர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் பயிற்சி உதவாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். சந்தேகம் என்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.