வயர் மறுபடியும் கணையத்துக்கே போனால்: இரட்டை வயரா, கணைய வழி வெட்டா?

இ.ஆர்.சி.பி-யில் (எண்டோஸ்கோப்பை வாய்வழியே சிறுகுடலுக்குள் இறக்கிப் பித்தநாளத்தை அடையும் சிகிச்சை) பித்தநாளத்தைத் தேடும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியான கைடுவயர், ஃப்ளூரோ என்ற நேரடி எக்ஸ்ரே திரையில் கல்லீரலை நோக்கி ஏறாமல் முதுகெலும்பைக் குறுக்காகக் கடந்து ஓடுகிறது. கணைய நாளம். இழுத்துவிட்டு மறுபடி முயன்றால் மறுபடியும் அங்கேயே. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2016-ல் சொன்ன கணக்கு எளிமையானது. பாப்பில்லாவை (இரு நாளங்களும் சிறுகுடலில் திறக்கும் மேடு) 5 முறைக்கு மேல் தொட்டிருந்தாலோ, 5 நிமிடத்துக்கு மேல் முயன்றிருந்தாலோ, கணைய நாளத்துக்குள் ஒரு முறைக்கு மேல் தவறிப் போயிருந்தாலோ அது கடினமான கேஸ். அதன்பின் அதே ஸ்பிங்க்டரோடோமால் (வயரைச் செலுத்தும், நுனியில் வெட்டுக்கம்பி உள்ள குழாய்) குத்திக்கொண்டே இருப்பது பாப்பில்லாவை வீங்கவைக்கும். வீங்கினால் அடுத்து எந்த முறையைக் கையில் எடுத்தாலும் கஷ்டம்தான்.

வயர் ஏற்கெனவே கணையத்தில் இருக்கிறது என்றால் உண்மையான போட்டி இரட்டை வயருக்கும் கணைய வழி வெட்டுக்கும் இடையில்தான். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடலாம்: ரத்தப்போக்குக்கான ஆபத்து இல்லாத நோயாளியிடம் கணைய வழி வெட்டு.

இரட்டை வயர் முறையில் முதல் வயரைக் கணையத்திலேயே விட்டுவிட்டு, ஸ்பிங்க்டரோடோமை மட்டும் உருவி எடுத்து, இன்னொரு வயரோடு அதை மறுபடி இறக்க வேண்டும். கணைய வயர் பாப்பில்லாவை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும்; திசையையும் காட்டும். அதற்கு மேல் இடப்பக்கம், 11 மணி திசையில் இரண்டாவது வயரை நகர்த்துகிறோம். வெட்டு இல்லாததுதான் இதன் பெரிய பலம். ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்தாதவர், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் 1.5-க்கு மேல் உள்ளவர், பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருப்பவர் என்றால் பேச்சே இல்லை, இதுதான். சிக்கல் வேறு இடத்தில். எண்டோஸ்கோப்பின் ஒரே சேனலில் இரண்டு வயரும் ஸ்பிங்க்டரோடோமும் உரசும். உதவியாளர் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் சேர்ந்து நகரும். அதைவிட அலுப்பூட்டுவது, இரண்டாவது வயரும் முதல் வயரை ஒட்டிக்கொண்டு கணையத்துக்கே போவது.

கணைய வழி வெட்டை 1995-ல் காஃப் என்ற மருத்துவர் விவரித்தார். கணைய வயரின் மேலேயே ஸ்பிங்க்டரோடோமின் நுனியைப் பாப்பில்லாவின் வாய்க்குள் கொஞ்சம் நுழைத்து, லேசாக வளைத்து, 11 மணி நோக்கி வெட்ட வேண்டும். வெட்டுக்கம்பியில் நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகக்கூடாது. நோக்கம் கணையச் சுருக்குத்தசையைத் திறப்பது அல்ல; கணைய நாளத்துக்கும் பித்தநாளத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைப் பிளப்பது. அது பிளந்ததும் கணைய வயருக்கு மேல் இடப்பக்கத்தில் பித்தநாள வாய் தெரியும், அல்லது பச்சை மஞ்சளாகப் பித்தம் கசியும். வெட்டு 1 மணிப் பக்கம் நழுவினால் கணையம் சுடும். பாப்பில்லாவுக்கு மேலுள்ள குறுக்கு மடிப்பைத் தாண்டினால் குடலின் பின்புறத்தில் துளைதான். ஃப்ளூரோவில் வலது சிறுநீரகத்தைச் சுற்றிக் காற்று தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெற்றி விகிதத்தில் வித்தியாசம் தெளிவு. நார்டிக் நாடுகளில் 203 பேரை வைத்து நடந்து 2021-ல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் வெட்டு முறையில் சுமார் 85 சதவீதமும் இரட்டை வயரில் 70 சதவீதமும் பித்தநாளத்தை அடைந்தன. கணைய அழற்சி வெட்டு முறையில் 13.5 சதவீதம், இரட்டை வயரில் 16.2 சதவீதம், அதாவது பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வெட்டிய கணைய வாய் பல வருடம் கழித்துச் சுருங்குமா என்பதற்கு நீண்டகாலத் தரவு குறைவு. இளம் வயது, இயல்பான கணையம் என்றால் அதனால்தான் கை கொஞ்சம் தயங்குகிறது.

எந்த முறையானாலும் முடிவை மாற்றும் காரணி கணைய ஸ்டென்ட், அதாவது கணைய நாளத்தில் வைக்கும் சிறு குழாய். கணைய வயரை உருவிவிட்டால் ஸ்டென்டுக்கான வழியும் போய்விடும். வெட்டிய பிறகு ரத்தமும் வீக்கமும் சேர்ந்துகொண்டால் அதை மீட்பது பெரும்பாடு. எனவே பித்தநாளத்துக்குள் இரண்டாவது வயர் ஆழமாகப் போகும்வரை முதல் வயரைத் தொடக்கூடாது. பித்தநாள வேலை முடிந்ததும் அந்தக் கணைய வயரின்மேல் 5 ஃப்ரெஞ்ச் தடிமனும் 3 முதல் 5 செ.மீ. நீளமும் உள்ள, உள்பக்க இறக்கை இல்லாத ஸ்டென்ட். இறக்கை இல்லாதது தானாக விழும்; இருந்தால் எண்டோஸ்கோப்பி வைத்து எடுக்கவேண்டிவரும். அழற்சியைத் தடுக்க மலக்குடலில் 100 மி.கி. டைக்ளோஃபினாக் கொடுத்தாயிற்றே, ஸ்டென்ட் எதற்கு என்ற கேள்வி வரும். ஆபத்து அதிகமான 1,950 பேரிடம் நடந்து 2024-ல் வந்த பெரிய ஆய்வில் அதே வகை மருந்தான இண்டோமெதசின் மட்டும் கொடுத்தவர்களில் 14.9 சதவீதம், ஸ்டென்டும் சேர்த்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு அழற்சி வந்தது. மருந்தை மட்டும் நம்பி ஸ்டென்டை விட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வயர் நுனி சிறு கிளைக்குள் நேராகக் குத்தி நிற்கிறதென்றால் அதை வைத்து இந்த இரண்டு முறையையும் ஆரம்பிக்கக்கூடாது. நுனி சின்ன வளையமாக மடங்கி, நாளத்தின் வளைவைத் தாண்டியிருக்க வேண்டும், 0.025 அங்குல, நுனி மிருதுவான வயர் இதற்கு ஏற்றது.

வயர் எதற்குள்ளும் போகவில்லை என்றால் கதையே வேறு. பாப்பில்லா புடைத்திருந்தால், கல் வாயில் சிக்கியிருந்தால், நீடில் நைஃப் என்ற ஊசிமுனை வெட்டுக்கருவியால் வாயிலிருந்து சில மி.மீ. மேலே துளையிடும் ஃபிஸ்டுலோடமிதான் எங்கள் தேர்வு. வாயைத் தொடாததால் கணையத்துக்குச் சேதம் குறைவு. தட்டையான சிறு பாப்பில்லாவிலும், பைப்புடைப்புக்குள் ஒளிந்த பாப்பில்லாவிலும் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். அவசரம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு 2 முதல் 4 நாள் கழித்து வருவதும் வழிதான். வீக்கம் வற்றியபின் பல வாய்கள் தாமாகவே திறந்து கிடக்கும். எண்டோ அல்ட்ராசவுண்டால் பித்தநாளத்துக்குள் வயரை இறக்கிப் பாப்பில்லா வழியே வெளியே கொண்டுவரும் ரெண்டேவூ முறை, நாளம் விரிந்திருந்து கையில் ஆளும் கருவியும் இருந்தால் மட்டும்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு 5 முதல் 10 நாளுக்குள் வயிற்று எக்ஸ்ரே. இன்னும் உள்ளே இருந்தால் அன்றே எடுக்க வேண்டும். மறந்தால் நாளமே கெடும். டிஸ்சார்ஜ் தாளில் தேதியோடு, நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள்: "வயிற்றில் சிறிய குழாய் உள்ளது, இந்த நாளில் எக்ஸ்ரே எடுக்க வரவும்."