சுங்கை சிப்புட் பாசார் மாலம் புரோபோலிஸ் களிம்பு, வாங்கலாமா?

நம்ம சுங்கை சிப்புட் பாசார் மாலத்துல, அதான் ராத்திரி சந்தையில, கெலுலுட் (கொசுத்தேனீ) தேன் விக்கிற அண்ணன் இப்ப புரோபோலிஸ் களிம்பும் வைக்கிறாரு, சின்ன டப்பா 25 வெள்ளி. புரோபோலிஸ்னா தேனீ மரப்பிசின மெழுகோட கலந்து கூட்டுக்கு வைக்கிறது. எங்க வீட்டுக்காரரு செம்பனை வெட்டுறவரு, அந்த முள்ளு கீறுச்சுன்னா கை வீங்கிப் போயி விரல மடக்க முடியாம கெடப்பாரு, அதுக்காகத்தான் வாங்குனேன்.

மேலோட்டமான கீறலுக்கு நல்லாவே கேக்குது. முள்ள எடுத்துட்டு சோப்பு போட்டு கழுவி தடவுனா எரிச்சல் அடங்குது, சிவப்பும் சீக்கிரம் கொறையுது. என்ன, நல்லா கழுவுனாலே பாதி ஆறிடும்ல, அதனால மொத்த பேரையும் களிம்புக்கே குடுக்க மாட்டேன். உள்ள முள்ளு ஒடைஞ்சு நின்னா இது ஒண்ணும் பண்ணாது, கிளினிக்தான். வாசனை மரப்பிசினு மாதிரி இருக்கு, எனக்கு புடிச்சிருக்கு, ஆனா தலகாணி உறையில பட்ட மஞ்ச கறை இன்னும் போகல.

எனக்கு கடுப்பேத்துறது அவரு கடையில மாட்டியிருக்கிற பேனருதான். புரோபோலிஸ்ல கேப் (CAPE)-னு ஒரு சத்து இருக்காம், ஒடம்புல வீக்கத்த உண்டாக்குற என்எஃப் கப்பா பி-ங்கற புரதத்த அடக்குமாம். அது பொய்யில்ல, 1996லயே ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க, ஆனா அந்த கேப் அதிகம் இருக்கறது ஐரோப்பா, சீனா பக்கம் தேனீ பாப்லார் மரத்து மொட்டுலருந்து எடுக்குற புரோபோலிஸ்ல. நம்மூரு கெலுலுட் கொசுத்தேனீ, கொட்டாது, சுத்தி என்ன மரம் இருக்கோ அந்தப் பிசினத்தான் மெழுகோட கலந்து கூடு கட்டும், அப்ப சத்தும் எடத்துக்கு எடம் மாறும்தானே? அடுத்தவன் மரத்துக்கு வந்த ரிசல்ட்ட நம்ம டப்பாவுல ஒட்டுனா எப்படி.

அதவிட மோசம், இனிப்பு நீரு (சக்கரை வியாதி) கால் புண்ணுக்கும் போடலாம்னு அந்த அண்ணன் ஒரு பாட்டிகிட்ட சொல்லிட்டு இருந்தாரு. கேட்டதும் எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு, நம்ம ஆளுங்க எத்தன பேரு கால் விரல இழந்திருக்காங்க! ஆறாத புண்ணுன்னா நேரா கிளினிக் கெசிஹாத்தான்க்கு, அதான் அரசாங்க கிளினிக்குக்கு, போங்க. தேன் தீப்புண்ண ஆத்தும்னு 2015ல காக்ரேன்-ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட அலசல்ல வந்திருக்கு, ஆனா ஆஸ்பத்திரியில போடுற தேன் காமா கதிர் அடிச்சு கிருமி நீக்குனது, போத்தல்ல பொங்கி வழியுற தேன் இல்ல.

புரோபோலிஸ் சிலருக்கு அலர்ஜி, தேனீப்பொருள் ஒத்துக்காதவங்க தொடவே வேணாம், மத்தவங்க முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் ரெண்டு நாள் பாத்துட்டு போடுங்க. டப்பாவுல எம்ஏஎல் (MAL) நம்பர், அதான் அரசாங்க மருந்து பதிவு நம்பர், இல்ல, போன் நம்பர்தான் இருக்கு. நோய தீர்க்கும்னு விக்கிறதா இருந்தா அந்த பதிவு நம்பர் இருக்கணும், கேட்டா "அடுத்த மாசம் வரும்லா"ங்கறாரு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுவும் களிம்புக்கு மட்டும். தேன் புளிப்பா நல்லாருக்கு, அத சாப்பிட வாங்கிக்கலாம், ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு மட்டும் நக்க குடுத்துடாதீங்க. கடை அப்பம் பாலிக் விக்கிற மக்சிக் பக்கத்துல, மழை வந்தா போட மாட்டாரு.