சந்தன விதை வாங்குகிறீர்களா? பெட்டி வந்த அன்றே நூறு விதையை உடைத்துப் பாருங்கள்

நாங்கள் வாங்கியது மூன்று கிலோ சந்தன விதை. கிலோ 1,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. பையில் ஒட்டியிருந்த சீட்டு: "மறையூர் காட்டு விதை, முளைப்புத்திறன் 80 சதவீதம், 15 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்." பதினோரு வாரம் கழித்துப் பாத்தியில் நின்றது இருபது கன்றுகூட இல்லை. விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. அவர் ஏற்கெனவே வேறு பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார், ஆகவே பெயரால் யாருக்கும் பயனில்லை. ஏமாற்று எந்த இடத்தில் ஒளிந்திருந்தது என்று தெரிந்தால் போதும்.

அது அந்த 15 நாளில்தான் ஒளிந்திருந்தது.

சந்தன விதைக்கு ஏறக்குறைய இரண்டு மாத உறக்கம் உண்டு. எந்த நேர்த்தியும் செய்யாமல் விதைத்தால் முளைக்க 4 வாரமும் ஆகலாம், 14 வாரமும் ஆகலாம், அதுவும் ஒரே சீராக வராது. செத்த விதையும் உறங்கும் விதையும் பாத்தியில் ஒரே மாதிரிதான் கிடக்கும். வாங்கியவர் முதல் மாதம் பொறுமையாக இருப்பார். இரண்டாம் மாதம் தன் கைமேல் சந்தேகப்படுவார். மூன்றாம் மாதம் போன் செய்தால் "திருப்பி அனுப்புற நாள் முடிஞ்சு போச்சுங்க சார், அப்பவே சொல்லியிருந்தா வேற அனுப்பியிருப்பேனே" என்று பதில் வரும். எங்களுக்கு வந்த பதில் அதுதான். அதற்கு முன் வந்தவை: "மண்ணு சரியில்லைங்க", "தண்ணி ஜாஸ்தி விட்டுட்டீங்க", "சந்தனம் மெதுவாத்தாங்க வரும், பொறுங்க." கடைசியாகச் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

மண்ணும் தண்ணீரும் காரணமில்லை என்று எப்படிச் சொல்கிறோம்? பக்கத்துப் பாத்தியில், அதே மணலில், அதே நாளில், எங்கள் வேலியோர மரங்களில் பறித்த விதையைப் போட்டிருந்தோம். அது ஐந்தாம் வாரத்திலேயே தலைகாட்டியது. நீங்களும் இப்படி ஒரு ஒப்பீட்டுப் பாத்தி வைத்துக்கொள்ளுங்கள். கையகல இடத்தில் நம்பகமான ஐம்பது விதை போதும். இல்லாவிட்டால் விற்பவர் சொல்லும் எந்தக் காரணத்தையும் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எங்கள் பிழை ஒன்று உண்டு: விதைத்துவிட்டுப் பிறகு சோதித்தோம். இரண்டரைக் கிலோவைப் பாத்தியில் போட்டு, மிச்சமிருந்த அரைக்கிலோவிலிருந்து எண்ணி நூறு விதையை எடுத்து உடைத்தது பதினோராம் வாரத்தில். 38 விதைக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் ஓடு. 29 விதையில் பருப்பு சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. 21 விதையில் மஞ்சளாகி, பழைய எண்ணெய் வாடை அடித்தது. வெள்ளையாக, ஓடு நிறையப் பருப்பு இருந்தவை 12. அந்தப் பன்னிரண்டிலும் எத்தனைக்கு உயிர் இருந்தது என்பது வேறு கேள்வி. இதே சோதனையைப் பெட்டி வந்த அன்று செய்திருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறோம். பையின் மேல்பகுதியிலிருந்து மட்டும் அள்ளாதீர்கள். நல்லதை மேலே பரப்பி அனுப்புவது பழைய வித்தை. முழுவதையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலா பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நூறு எண்ணுங்கள். முதலில் அந்த நூறையும் நிறுத்துப் பாருங்கள். சதை நீக்கிய நல்ல விதை கிலோவுக்கு ஏறத்தாழ 6,000 நிற்கும், அதாவது நூறு விதை 16, 17 கிராம். எங்களுக்கு வந்தது 11 கிராம். வாங்கும்போதே அவர் "கிலோவுக்கு ஒம்பதாயிரம் விதை வரும் சார், மத்தவங்ககிட்ட இவ்ளோ வராது" என்று பெருமையாகச் சொன்னார். பருப்பு இல்லாத ஓட்டுக்கு எடை ஏது? அது நமக்கு அப்போது உறைக்கவில்லை. சிறிய விதை தரும் மரங்களும் உண்டு, ஆகவே எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உடைத்துப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

கொறடால் ஓட்டை மெதுவாக நெருக்கினால் விரிசல் விடும். சுத்தியலால் அடித்தால் பருப்பும் நசுங்கி எதுவும் தெரியாமல் போகும். உள்ளே பருப்பு வெள்ளையாக, கெட்டியாக, ஓட்டோடு ஒட்டி நிறைந்திருக்க வேண்டும். அதை நகத்தால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். சந்தனப் பருப்பில் பாதியளவு எண்ணெய்தான், ஆகவே பழசானால் சிக்கு வாடை தப்பாமல் வரும். நூறில் அறுபது விதையாவது தேறாவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்தெறிந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வெறும் ஓட்டைக் கழிக்க அது உதவும். ஆனால் அழுகிய பருப்பும் சிக்கேறிய பருப்பும் மூழ்கும். விற்பவர் காணொளியில் வாளித் தண்ணீரில் விதையைக் கொட்டி "பாருங்க, எல்லாம் மூழ்குது" என்று காட்டினால் மயங்க வேண்டாம். பருப்புக்கு உயிர் இருக்கிறதா என்று துல்லியமாக அறிய விதை ஆய்வகங்களில் டெட்ராசோலியம் சோதனை உண்டு. உயிருள்ள திசு சிவப்பாகும், செத்தது நிறமேறாது. பெரிய அளவில் வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

விதை ஏன் இப்படிச் சாகிறது? பெரும்பாலும் பறிப்பதிலேயே கெடுகிறது. சந்தனப் பழம் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கருநீலமாகும். கறுத்த பிறகு பறித்தால்தான் உள்ளே கரு முதிர்ந்திருக்கும். ஆனால் கறுத்த பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் விட்டுவைக்காது, உதிர்ந்ததை எலி தின்னும். ஆகவே கிலோக்கணக்கில் சேர்ப்பவர்கள் பச்சையிலேயே உருவிவிடுகிறார்கள். காலி ஓடும் சுருங்கிய பருப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. அடுத்தது, சதையை நீக்காமல் குவித்து வைப்பது: சதை புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். முறை என்னவென்றால், தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சிமெண்டுத் தளத்தில் வெயிலில் காயவைத்தால் ஓடு பளபளப்பாக இருக்கும், பருப்பு வெந்திருக்கும். ஒழுங்காக வைத்தாலும் மாதம் போகப் போக முளைப்பு இறங்கிக்கொண்டே வரும். போன வருஷ மிச்சத்தை இந்த வருஷ விதையோடு கலப்பது அடுத்த தந்திரம். எங்களுக்கு வந்த மஞ்சள் பருப்பு அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பறித்த மாதத்தைக் கேளுங்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள். "ஃபிரெஷ்" என்பது தேதி ஆகாது.

"மறையூர்" என்ற பெயரும் ஒன்றை நிரூபிப்பதில்லை. மறையூர் சந்தனக்காடு கேரள வனத்துறையின் கட்டுக்காவலில் இருப்பது. அங்கிருந்து ஒருவர் கிலோக்கணக்கில் விதை அள்ளி வந்து உங்களுக்கு அனுப்புகிறார் என்றால், அனுமதியில்லாமல் அள்ளினாரா அல்லது பொய் சொல்கிறாரா என்று நீங்களே யோசியுங்கள். "செஞ்சந்தன விதை" என்று பளபளக்கும் சிவப்பு மணியை விற்பவர்களும் உண்டு. அது மஞ்சாடி என்ற வேறொரு மரத்தின் விதை. செஞ்சந்தனம் என்பது செம்மரம், அதன் காய் தட்டையாக, சுற்றிலும் இறக்கை போன்ற விளிம்போடு இருக்கும். அதற்கும் சந்தனத்துக்கும் உறவே கிடையாது. சந்தன விதை சிவப்பே இல்லை. உருண்டையாக, மங்கிய பழுப்பாக, நுனியில் மூன்று மெல்லிய வரம்புகளோடு இருக்கும்.

விதையோடு 300 ரூபாய்க்கு "முளைப்பு ஊக்கி" என்று ஒரு பொட்டலமும் வந்தது. பெயர் இல்லை, அளவு இல்லை, வெறும் வெள்ளைத் தூள். உண்மையில் சந்தன விதைக்கு உதவுவது ஜிப்ரலிக் அமிலம் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கி. 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 500 பங்கு) கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்தால் உறக்கம் கலைந்து முளைப்பு முந்தும், சீராகவும் வரும். கணக்கு எளிது: ஒரு லிட்டருக்கு அரை கிராம் தூள். அது தண்ணீரில் நேராகக் கரையாது, முதலில் சில மில்லி எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீரில் ஊற்ற வேண்டும். உரக்கடையில் பயிருக்குத் தெளிக்க விற்கும் 0.001 சதவீத திரவத்தை வாங்கி ஏமாறாதீர்கள். அது வெறும் 10 பிபிஎம். தண்ணீரே கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் தேவையானதில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஊறிய விதையை எடுத்த கையோடு விதைத்துவிட வேண்டும். "நாங்களே ஊறவைத்துக் காயவைத்து அனுப்புகிறோம்" என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். நனைந்து காய்ந்து பொட்டலத்தில் கிடக்கும் விதைக்குப் பூஞ்சணம்தான் மிச்சம். இன்னொன்று, எந்த அமிலமும் செத்த பருப்பை எழுப்பாது.

பாத்தியில் நம் தவறு எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால்தான் பிறகு விற்றவரைக் கேட்க முடியும். மணல் மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்திக்கு இரண்டரைக் கிலோ விதை, நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிய மண், அதன்மேல் வைக்கோல். எம்-சாண்ட் என்றால் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் பாத்தி இறுகித் தண்ணீர் தேங்கும். பூவாளியால் ஈரம் காக்கும் அளவுக்கு மட்டும் தெளிக்க வேண்டும். எலிக்கும் அணிலுக்கும் சந்தனப் பருப்பென்றால் உயிர், ஆகவே கம்பி வலை கட்டாயம். வலை போடாமல் "முளைக்கவில்லை" என்று சண்டைக்குப் போனால், குப்பைமேட்டில் பிளந்த ஓடுகள் கிடப்பதைக் காட்டி அவர் ஜெயித்துவிடுவார். இலை விரியத் தொடங்கியதும் வைக்கோலை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் நாற்றழுகல் வரும். கன்று காரணமில்லாமல் வெளிறினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், நூற்புழுவும் சந்தன நாற்றங்காலின் தீராத தொல்லை.

விதை வேண்டாம், கன்றாகவே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையால் உணவு தயாரித்தாலும், பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்துத்தான் சத்தை இழுக்கும். விதையில் இருக்கும் சேமிப்பு தீரும்வரை தனியாகப் பச்சையாக நிற்கும். அதற்குப் பிறகு மஞ்சளாகிக் குன்றிவிடும். ஐந்தாறு இலை வந்ததும் பாலித்தீன் பைக்கு மாற்றி, அதே பையில் துவரையோ பொன்னாங்கண்ணியோ வைப்பது இதற்காகத்தான். பைக் கலவை மணல் இரண்டு, செம்மண் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. துணைச்செடி சந்தனத்தை மூடாமல் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். மோசமான பண்ணைகளில் துணைச்செடி இல்லாத கன்று விற்பார்கள், அல்லது நீங்கள் வருகிற வாரத்தில் ஒரு துவரையைச் செருகி வைப்பார்கள். லேசாக இழுத்துப் பாருங்கள், உடனே உருவிக்கொண்டு வந்தால் நேற்று நட்டது. நடவுக்குத் தகுதியான கன்று 6 முதல் 8 மாத வயதும், ஓரடி உயரமும், பழுப்பேறிய தண்டும் கொண்டிருக்கும். தளதளவென்று பச்சைத் தண்டோடு உயர்ந்து நிற்பது அழகாக இருக்கும், வயலில் தாங்காது. வயலில் நட்ட பிறகும் சவுக்கு, புங்கன் போன்ற நீண்டகாலத் துணை வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்யலாம்? பெட்டியைப் பிரிப்பதிலிருந்து உடைத்துப் பார்ப்பதுவரை ஒரே தொடர்ச்சியான காணொளி எடுத்து வையுங்கள். 200 விதையைத் தனி உறையிலிட்டு ஒட்டி, தேதி போட்டு, சாட்சி ஒருவர் கையெழுத்தோடு தொடாமல் வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப அது வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய விவரம், உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், 2 ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விதையை வாங்கி மறுவிற்பனை செய்பவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபடும்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் வனத்துறை, கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றில் முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் வாங்குவதானால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: அன்றைய நாளிதழை விரித்து, அதன்மேல் பத்து விதையை உடைத்துக் காட்டும் காணொளி. எங்களை ஏமாற்றியவரிடம் வேறொரு எண்ணிலிருந்து இதைக் கேட்டோம். உள்ளங்கையில் கறுத்த பழங்கள் இருக்கும் அதே பழைய படத்தை மறுபடி அனுப்பினார். விதையை உடைக்கச் சொன்னதும் எண்ணை முடக்கிவிட்டார்.