ஹெட்ஃபோன் ஜாக்கா, யுஎஸ்பியா, பிளக்இன்னா?

டிஜிட்டல் கிட்டார் ஆம்ப்பைப் பதிவு செய்ய மைக் வேண்டாம். ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ கருவி 1998இல் வந்ததிலிருந்தே இது பழகிப்போன விஷயம். எந்த வழியாகக் கணினிக்குள் கொண்டுபோவது என்பதில்தான் தகராறு.

ஹெட்ஃபோன் ஜாக் என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். அவ்வளவு மட்டமானதில்லை. கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கரகரப்பைப் பெருமளவு விழுங்கிவிடும். அது விழுங்காத டிஸ்டார்ஷன் குளவிக்கூடு மாதிரி ரீங்கரிக்கும். டிஜிட்டல் ஆம்ப்களின் ஹெட்ஃபோன் அவுட்டில் பெரும்பாலும் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) சேர்ந்தே வருவதால், அங்கே கிடைப்பது தயாரான ஒலி. வம்பெல்லாம் கேபிளில்தான். ஸ்டீரியோ கேபிளை இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், அது இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக உள்ள கிட்டார் மறைந்து, ஸ்டீரியோ ரிவெர்ப்பின் வால் மட்டும் கேட்கும். ஆம்ப் போச்சு என்று பதற வேண்டாம். ஒய் கேபிள் வாங்கி இரண்டு இன்புட்டாகப் பிரித்தால் சரியாகிவிடும்.

யுஎஸ்பியில் இந்தத் தொல்லை இல்லை. ஒலி எண்களாகவே போகிறது. அனலாக்காக மாறித் திரும்பவும் டிஜிட்டலாகும் வேலை மிச்சம். இதைவிடப் பெரிய லாபம் டிரை சிக்னல், அதாவது எஃபெக்ட் சேராத வெறும் கிட்டார் ஒலி. லைன் 6-இன் ஹீலிக்ஸ் போன்ற கருவிகளில் எஃபெக்ட் சேர்ந்த ஒலி 1, 2ஆம் சேனல்களிலும், வெறும் கிட்டார் 7ஆம் சேனலிலும் ஒரே நேரத்தில் வரும். வாசிப்பு நன்றாக அமைந்து டோன் மட்டும் பிடிக்காவிட்டால், அந்த வெறும் தடத்தை மறுபடி ஆம்ப்புக்குள் அனுப்பலாம். ஆனால் விண்டோஸில் பெரும்பாலான பதிவு மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரே ஆசியோ டிரைவரைத்தான் (ஒலிக்கருவியை மென்பொருளோடு இணைக்கும் நிரல்) ஏற்கும். ஆம்ப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் இன்டர்ஃபேஸும் அதில் மாட்டிய ஸ்பீக்கரும் ஊமை. எல்லாவற்றையும் ஆம்ப் வழியாகவே கேட்க வேண்டும். மேக்கில் இரண்டு கருவிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் அக்ரிகேட் டிவைஸ் உண்டு.

பிளக்இன் என்பது பதிவு மென்பொருளுக்குள்ளேயே ஆம்ப் வேலையைச் செய்யும் நிரல். இந்த வழியில் நிஜ ஆம்ப்பே தேவையில்லை. கிட்டாரை இன்டர்ஃபேஸின் ஹை-இசட் (கிட்டாருக்கான) இன்புட்டில் மாட்டுங்கள்; லைன் இன்புட்டில் மாட்டினால் பாசிவ் (பேட்டரியில்லாத) பிக்கப்பின் மினுமினுப்பு செத்துவிடும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளக்இன் இலவசம், கேட்கவும் அருமை. அப்புறம் லேட்டன்சி, அதாவது வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம்: 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள்கள்) 128 என்றால் சுமார் 3 மில்லிசெகண்ட், 512 என்றால் கிட்டத்தட்ட 12. இது ஒரு வழிக்கான கணக்குதான். போக, வர, டிரைவர் என எல்லாம் சேரும்போது வேகமான ரிஃப்களில் விரலும் காதும் ஒட்டாது. யுஎஸ்பி ஆம்ப்பில் நேரடியாக அதன் ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கும்போது இந்தப் பிரச்சினை வராது. ஆம்ப்பின் தயாரான ஒலியின் மேல் இன்னொரு கேபினெட் பிளக்இன்னைப் போடுபவர்களும் உண்டு. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்குகிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வால்வ் ஆம்ப்புக்கு, ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் லோட் பாக்ஸ் என்றொரு வழி இருக்கிறது, அது தனிக் கதை. எந்த ஆம்ப்பானாலும் ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் இன்டர்ஃபேஸில் மாட்டிவிடாதீர்கள்.

என் ஓட்டு, டிரை சிக்னலும் தரும் யுஎஸ்பிக்கு. உங்கள் ஆம்ப் அதைத் தராது, டோனைப் பிறகு மாற்றியே தீர வேண்டும் என்றால் பிளக்இன். டோன் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா, ஹெட்ஃபோன் ஜாக்கே போதும்.