கடலோரச் சாலைக்கு எது தேவை: இஎஸ்சி போதுமா, அடாஸும் வேண்டுமா?

கீழக்கரையிலோ தொண்டியிலோ குடும்பத்துக்குப் புதுக் கார் எடுக்கப் போகிறவர் முன் இன்று பெரும்பாலும் இரண்டு வகைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்சி என்ற மின்னணு அமைப்பும் உள்ள இடைநிலை வகை; மற்றொன்று அவற்றோடு அடாஸ் எனப்படும் கேமரா, ரேடார் வழி ஓட்டுநர் உதவியும் சேர்ந்த, விலை கூடிய உச்ச வகை.

இஎஸ்சி, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஓயாமல் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. ஆடிக் காற்று மணலை வாரி இறைக்கும் அரிச்சல்முனைச் சாலையில், ஒரு பக்கச் சக்கரங்கள் மணலிலும் மறுபக்கச் சக்கரங்கள் தாரிலும் ஓடும் வேளையில் ஸ்டியரிங்கைச் சட்டென ஒடித்தால் வண்டி சுழலக்கூடும். அங்கே கைகொடுப்பது இதுதான். பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும், 2019 முதல் கட்டாயமான ஏபிஎஸ், உதிரி மணலில் வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டவும் செய்யலாம். பிரேக்கை மிதித்தபடியே வண்டியைத் திருப்ப முடிவதே அதன் பயன். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இஎஸ்சி இருந்தாக வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடாஸின் தடம் காக்கும் உதவி சாலைக் கோடுகளைப் படித்தே இயங்குவதால், மணல் மூடிய இடத்தில் அதற்கு வேலையில்லை. முன்கண்ணாடியில் உப்பு படிந்தால் கேமராவின் பார்வையும் மங்கும். தானே பிரேக் போடும் வசதி பெரும்பாலும் வாகனங்களையும் மனிதர்களையும் அடையாளம் காணவே வடிவமைக்கப்பட்டது; கருவேலம் புதரிலிருந்து பாயும் ஆட்டுக்கு அதை நம்பக் கூடாது.

ஆனால் வளைகுடாவிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர மதுரை விமான நிலையத்துக்கு அடிக்கடி இரவில் சென்று திரும்பும் குடும்பங்களின் நிலை வேறு. நான்குவழிச் சாலையில் கண் அசந்த ஓட்டுநருக்கு முன்னால் லாரி மெதுவாகப் போனால், தானே பிரேக் போடும் அந்த வசதி மோதலை முழுவதும் தவிர்க்காவிட்டாலும் வேகத்தைக் குறைத்து உயிரைக் காக்கக்கூடும். அவர்கள் உச்ச வகையை எடுப்பதே முறை.

மற்றவர்களுக்கு இடைநிலை வகையே போதும் என்பது என் முடிவு. எதை எடுத்தாலும், ஏர்பேக் சீட் பெல்ட்டுக்குத் துணையே தவிர மாற்று அன்று. முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ராமேசுவரம் செல்லும் வழக்கம் எனக்குப் பெரும் அச்சம் தருகிறது. மோதும் கணத்தில் விரியும் ஏர்பேக் அந்தக் குழந்தையைத்தான் முதலில் தாக்கும். மிச்சப்படும் பணத்தில் நல்ல குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிப் பின்னால் பொருத்துங்கள்.