குழந்தைப் பாதுகாப்பு கிட்: முதலில் எதை மாட்டுவது?

தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கென்று விற்கிற பாதுகாப்பு கிட் எதைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றுதான்: மேஜை முனையில் ஒட்டும் நுரை, பிளக் பாயிண்ட் மூடிகள், காந்தப் பூட்டுகள், கதவிடுக்கில் விரல் நசுங்காமல் ஒரு தடுப்பு, அலமாரியைச் சுவரோடு பிணைக்க இரண்டு பெல்ட். வாங்கியவர்கள் முதலில் ஒட்டுவது முனை நுரையை. கடைசிவரை கவரைவிட்டு வெளியே வராதது பெல்ட். இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

முனையில் இடித்தால் புடைக்கும், பிள்ளை அலறும், நமக்குப் பதறும். அடிக்கடி கண்முன் நடப்பதால் அதுவே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. அலமாரி சாய்வது அபூர்வம். சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. எத்தனை முறை நடக்கும் என்று மட்டும் பார்க்காமல், நடந்தால் மீள முடியுமா என்றும் கேட்டால் பெல்ட்தான் முதலில் வரும்.

பெல்ட்டுக்கு ட்ரில் எடுத்தே ஆக வேண்டும். ஒட்டும் டேப்பில் நிற்கிற வகையை நம்பவே வேண்டாம். செங்கல், கான்கிரீட் சுவருக்கு 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் (துளைக்குள் அடித்து, அதன் மேல் திருகை இறக்கும் உறை). துளை பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. கூடுதல் ஆழம் போகட்டும். தூசியை ஊதி எடுத்த பிறகு பிளக்கை அடியுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, கிட்டோடு வரும் திருகு குட்டையாக இருப்பது. அது சிமென்ட் பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், செங்கலை எட்டாது. பார்வைக்கு உறுதி, ஒரு இழுப்பில் பெயர்ந்துவிடும். பூச்சைத் தாண்டி இறங்கும் பிளக்கும் 50 மி.மீ. திருகும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே சட்டம் ஓடும் இடத்தில்தான் திருக வேண்டும். அலமாரிப் பக்கம் மெல்லிய பின்பலகையில் திருகினால் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். மேல்பலகையிலோ பக்கச் சட்டத்திலோ திருகுங்கள். பெல்ட் விறைப்பாக இருக்கட்டும். தொய்வு இருந்தால் அலமாரி சாயத் தொடங்கி வேகம் பிடித்த பிறகுதான் பெல்ட் இழுபடும், அந்தத் திடீர் இழுப்பில் அறுந்துபோகும். கொக்கி பிளாஸ்டிக் என்றால் வருஷக்கணக்கில் வெளிறி நொறுங்கும். உலோகக் கொக்கியே நல்லது. இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டு மாதிரி ஏறுவது பிள்ளைகளின் வழக்கம், ஆகவே கனமான சாமான்களைக் கீழ் இழுப்பறையில் வையுங்கள். டிவிக்கும் ஒரு பெல்ட் வேண்டும்.

காந்தப் பூட்டு, அதாவது அலமாரிக் கதவுக்கு உட்புறம் ஒட்டி, வெளியே காந்தச் சாவியை வைத்தால் திறக்கும் பூட்டு, நல்ல பொருள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் கதவை இழுக்காமல் விட்டால் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டினால் உதிரும். ஆனால் கையில் இருக்கும் பூட்டையெல்லாம் மாட்டாதீர்கள். பன்னிரண்டு கதவைப் பூட்டிய வீட்டில் பெரியவர்களே அலுத்துப்போய் உள்ளே இருக்கும் சின்ன விசையைத் தள்ளிப் பூட்டைச் செயலிழக்க வைத்துவிடுகிறார்கள். மருந்து, கழிவறை ரசாயனம், கத்தி. இந்த மூன்றுக்கும் போதும், மற்ற அலமாரியில் பாத்திரத்தை உருட்டி விளையாடட்டும். மருந்துப் புட்டியின் குழந்தைத் தடுப்பு மூடியே போதும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சோதனை விதிப்படி, 10 நிமிடத்தில் ஐந்தில் ஒரு குழந்தை வரை திறந்துவிட்டாலும் அந்த மூடி தேர்ச்சிதான். அது தாமதப்படுத்தும், தடுக்காது.

பிளக் பாயிண்ட் மூடிக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. நாம் கழற்றுவதைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்ளும். கழற்றியது நேரே வாய்க்குப் போகும். சுமார் 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குள் மூச்சடைக்கக் கூடியது. உள்ளேயே ஓட்டையை மூடிவைக்கும் ஷட்டர் உள்ள சாக்கெட்டும், மெயின் பெட்டியில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இதைவிட எத்தனையோ மேல்.

கதவுத் தடுப்பு கைப்பிடிப் பக்கத்தைத்தான் காக்கிறது. கீல் பக்கம் நசுக்கும் விசை பல மடங்கு. அதை மூட நீளப் பட்டை தனியாக வாங்க வேண்டும்.

கிட்டில் இல்லாதவைதான் அதிகம் உறுத்துகின்றன. சில செ.மீ. தண்ணீர் உள்ள வாளியில் தலைகுப்புற விழும் குழந்தையால் எழ முடியாது, ஏனென்றால் அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலையின் கனம் அதிகம். சத்தமும் வராது. வாளியைக் காலி செய்து கவிழ்த்து வைப்பதும், குளியலறைக் கதவின் வெளிப்புறம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போதும். அடுத்தது பட்டன் பேட்டரி. 20 மி.மீ. லித்தியம் வகை உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். ரிமோட், பொம்மை, எடைபார்க்கும் கருவி எல்லாவற்றிலும் மூடி திருகால் பூட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டேப் சுற்றுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், அறிகுறிக்காகக் காத்திராமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முனை நுரையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி மேஜைக்கும் கருங்கல் விளிம்புக்கும் ஒட்டலாம், கடித்துத் துண்டாக்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். வீடு முழுக்க வேண்டியதில்லை. கிட்டாக வாங்குவதைவிட, உலோகக் கொக்கி பெல்ட்டையும் நாலு காந்தப் பூட்டையும் தனித்தனியாக வாங்குவதே சரி. பிறர் பயன்படுத்திய பூட்டைப் புது டேப் மாற்றி ஒட்டலாம். பழைய பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள்.